கல்யாண மண்டபங்கள் கிளைகளான கதை

வாணி செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். காலையில் கொமுட்டர் ரயிலில் கிள்ளான். அங்கிருந்து கம்பெனி வேனில் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊர். கழற்றி மாட்டக்கூடிய கல்யாண மேடைகள் செய்து விற்கும் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. கணக்குப் பிரிவில் சேர்ந்தவள். முதலாளி திருச்செல்வம் நிர்வாக மென்பொருள் வாங்கியபோது, பயிற்சிக்குப் போக வேறு யாரும் முன்வரவில்லை, இவள் போனாள். அன்றிலிருந்து சரக்கு, ஆர்டர், பில் எல்லாம் அடங்கிய அந்த மென்பொருள் இவள் பொறுப்பு. அது எங்காவது சிக்கிக்கொண்டால் ஆபீஸ் முழுக்க "வாணி!" என்ற சத்தம்தான். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்.

போன வருடம் திருச்செல்வம் எல்லாரையும் கூப்பிட்டார்.

"இனிமே விக்கிறதக் கொறச்சிக்கலாம். மேடைய வாடகைக்கு விடப் போறோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். மென்பொருளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைப் பொறுத்தவரை வாசலைத் தாண்டிய பொருள் விற்ற பொருள். திரும்பி வந்தால், 'ஏன் திருப்பிக் கொடுத்தார்கள்?' என்று கேட்கும். காரணம் சொல்லாமல் விடாது. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் விஜயன், இருந்த காரணங்களில் முதலாவதை அழுத்திக்கொண்டே வந்தார். அது 'பழுது'. அடுத்த மாதமே கம்பெனியின் மேடைகள் எல்லாம் உடைந்துவிட்டதாகத் திரை காட்டியது. திருச்செல்வம் பதறிப்போய் ஸ்டோருக்கு ஓடினார். மேடைகள் பளபளவென்று நின்றன.

"வேற சாப்ட்வேர் வாங்கிருவோமா?" என்றார்.

"வேணாம் பாஸ். நாம மாறிட்டோம்னு அதுக்கு இன்னும் தெரியல. ரெண்டு வாரம் குடுங்க, நான் பார்த்துக்கிறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஸ்டோரிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து ஸ்டோர் என்று ஒரு வழியைத் தாளில் போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் தெரிந்தது. ஆனாலும் மேடை உண்மையில் எப்படிப் போய் வருகிறது என்று ஒரு தடவைகூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விஜயனோடு லோரியில் ஏறிக்கொண்டாள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் ஆட்கள் வெள்ளை மேடையைக் கழற்றி லோரியில் அடுக்கினார்கள். கிள்ளான் வந்ததும் லோரி தொழிற்சாலைப் பக்கம் போகாமல் ஊருக்குள் திரும்பியது.

"என்னண்ணே, ஸ்டோருக்குப் போகலையா?"

"ஸ்டோருக்கு ஏம்மா? சாயங்காலம் கிள்ளான் மண்டபத்துல ரிசப்ஷன். நேரா அங்கதான் லா. சில மேட மூணு நாலு கல்யாணம் பார்த்துட்டுத்தான் ஸ்டோருக்கு வரும்."

வாணி தாளில் போட்ட வழி அந்த நிமிடமே செத்தது. மேடை ஊர் ஊராகச் சுற்றுகிறது. ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபம், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குச் சரக்கு போகிற மாதிரி...

"அண்ணே! கிளை!" என்று கத்தினாள். விஜயன் திடுக்கிட்டுப் பார்த்தார்.

கிளைக்குக் கிளை சரக்கை மாற்ற அந்த மென்பொருளில் முன்பே வழி இருந்தது. கம்பெனிக்கு ஒரே இடம் என்பதால் யாரும் அதைத் தொட்டதில்லை. ஒவ்வொரு மண்டபத்தையும் ஒரு கிளை என்று பதிந்துவிட்டால் போதும்! மேடை விற்கப்படவே படாது. திரும்பி வந்ததா என்ற கேள்வியும் எழாது. எப்போதும் நம்முடையது, இப்போது எங்கே இருக்கிறது என்பது மட்டும் மாறும். வாடகைக்குத் தனியே பில். லோரி போய்ச் சேரும்வரை வாணி பேசுவதை நிறுத்தவில்லை. விஜயன் பாதி புரிந்து, முழுசாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை வேலையை ஆரம்பித்தாள். ஒவ்வொரு மேடைக்கும் ஒரு பெயர் வைத்தாள். மேடையை ஏற்றும்போதும் இறக்கும்போதும் லோரிக்காரர்கள் போனில் ஒரு தடவை தட்டினால் போதும் என்று செய்தாள். திரையைப் பார்த்த திருச்செல்வத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எனக்கே தெரியாம இத்தன பிராஞ்ச் தொறந்துட்டியா?"

அடுத்த சனிக்கிழமை மதியம் கிள்ளானிலிருந்து ஒரு பெண் அழைத்தார். பெயர் மஜீதா. குரலில் அழுகை முட்டியது.

"சிஸ்டர், இன்னிக்கி ராத்திரி தங்கச்சி கல்யாண விருந்து. மேடைக்காரங்க லோரி வழியில நின்னுபோச்சாம். உங்ககிட்ட ஏதாச்சும் இருக்கா?"

முன்பு என்றால் பத்துப் பேருக்குப் போன் போட்டு, பதில் வருவதற்குள் விருந்தே முடிந்திருக்கும். வாணி திரையைப் பார்த்தாள். ஸ்டோர் காலி. பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் வெள்ளை மேடை. கொஞ்ச நேரத்தில் கழற்றிவிடுவார்கள். மறுநாள் காலை செந்தூலில் அதற்கு வேலை. நடுவில் ஒரு ராத்திரி சும்மா இருக்கிறது.

"இருக்குக்கா. அழாதீங்க. வருது!"

கிளை மாற்றினாள். லோரிக்காரரின் போனுக்குத் தகவல் பறந்தது. திருச்செல்வம் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் பிரிக்பீல்ட்ஸ் என்றிருந்தது 'வழியில்' என்றானது. வாணியால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டே பார்த்தாள். சாயங்காலம் அது 'கிள்ளான்' என்று மாறியதும் இருவரும் ஒரே நேரத்தில் "யெஸ்!" என்றார்கள். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இரவு மஜீதா படம் அனுப்பினார். வெள்ளை மேடையில் மணப்பெண், பக்கத்தில் கண் வீங்கிய அக்கா, இருவரும் வாய்கொள்ளாச் சிரிப்பு.

திங்கட்கிழமை திருச்செல்வம் உற்சாகமாக வந்தார். "வாணி, அடுத்த மாசத்துலேர்ந்து பூ அலங்காரமும் நாமளே செய்யறோம்."

விஜயன் தலையில் கைவைத்தார். வாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பூ பாஸ்? எங்கேருந்து வருது? எத்தன மணி நேரம் வாடாம இருக்கும்?"