தேற்றத்துக்கு ஒரு மொட்டை

எங்கள் தெருவில் கணிதப் பேராசிரியை என்றால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க மறுக்கும் திமிர் பிடித்தவள் என்று பொருள். திருத்தணிக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்தப் பொருளுக்குக் குறைவு வராமல் நடந்துகொண்டிருக்கிறேன். நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கல்லூரியில் கேட்டார்கள், கட்டுரை வருகிற இதழ் பதவி உயர்வுக்குச் செல்லுமா என்று. தினமும் சென்னை ரயிலில் போய்வரும் என் வீட்டுக்காரருக்கு என் ஆராய்ச்சி பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: அது நடக்கும்போது சாம்பார் அடிப்பிடிக்கும்.

நான் செய்தது இது. புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் ஒரு வலை கிடைக்கும். அந்தக் கோடுகளுக்குச் சில நிபந்தனைகளோடு நிறம் தீட்ட வேண்டும். ஒரு குறிப்பிட்ட வகை வலை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மூன்றே நிறம் போதும் என்று நிரூபித்தேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் எழுதிய மற்றவை எல்லாம் கட்டுரைகள். இது ஒன்றுதான் தேற்றம். வெளிநாட்டில் மதிப்புள்ள ஓர் இதழுக்கு அனுப்பினேன். அவர்கள் அதைக் கிணற்றில் போட்ட கல்லாக வைத்துக்கொண்டார்கள்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். பள்ளிப்பட்டில் விசைத்தறிகளுக்கு நடுவே வாழ்ந்தவள். தறிச் சத்தத்தைத் தாண்டிப் பேசியே பழகியதால் ரகசியம் என்பது அவள் தொண்டைக்கு வராது. ஒருநாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அதையே நெனச்சிகினு ஏன் பாப்பா இளைச்சிப் போற? நான் மலைக்கு வேண்டிகினேன். அந்தக் கட்டுரைய அவங்க எடுத்துகினா நீ மொட்டை போடுவ."

"நானா?"

"பின்ன நானா? எந்தலையில இன்னா கீது?"

அது உண்மை. எனக்கு வேலை கிடைக்க, தம்பிக்குக் கல்யாணம் ஆக, பிறகு அந்தக் கல்யாணத்திலிருந்து அவன் மீள என்று அவள் முடி ஏற்கனவே பல தவணை மலையேறியிருந்தது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறாள் என்று வீட்டுக்காரர் சிரித்தார். நான் கடவுள் விஷயத்தில் உண்டு என்றும் இல்லை என்றும் கையெழுத்துப் போடாதவள். அதனால் சண்டை பிடிக்கவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் வேண்டிக்கொண்டது 'எடுத்துக்கொண்டால்' என்றுதான், 'சரியாக இருந்தால்' என்று அல்ல என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நிபந்தனைகளை ஆராய்வதற்குத்தான் அரசு எனக்குச் சம்பளம் தருகிறது.

இதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கல்லூரிப் பலகையில் யாரோ சாக்கட்டியால் வாழ்த்து எழுதினார்கள். அடுத்த வகுப்புக்காரர் அதை அழித்துவிட்டு அணிக்கோவை நடத்தினார். வீட்டில் மட்டும் விஷயம் சூடாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தோம்.

"மலைமேல நிக்கிறவனுக்குக் கடன் வச்சிகினு ஆஸ்பத்திரியில போய் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

பேரம் பேசிப் பார்த்தேன். பெண்கள் நுனிமுடியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுக்கிறார்களே, பூமுடி, அது போதாதா என்றேன்.

"அது பூமுடின்னு வேண்டிகினவங்களுக்கு. நான் முழுசா வேண்டிகினேன். நீயும் முழுசாத்தான கணக்கு போட்ட?"

அவள் கால் வீங்கியிருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை. மலையில் முடி காணிக்கை மண்டபத்தில் குனிந்து உட்கார்ந்தேன். கத்தி நடுவகிட்டில் இறங்கியபோது அழுகை வந்தது. வந்ததை வந்தது என்றே சொல்கிறேன். பிறகு தலை முழுக்கச் சந்தனம் பூசினார்கள். அது குளிர்ச்சியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

தேற்றத்தைக் கவனிக்காத கல்லூரி தலையைக் கவனித்தது. முதல்வர் தன் அறைக்குக் கூப்பிட்டு, மருத்துவ விடுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், குரல் தழுதழுக்க. மாணவிகள் மாதுளம்பழம் வாங்கிவந்தார்கள். வேண்டுதல் என்று உண்மையைச் சொன்னால், எதற்கு என்று கேட்டார்கள். வலைக்கு மூன்று நிறம் போதும் என்பதற்காக என்று சொல்ல வாய் வரவில்லை. நோயாளி என்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மாதுளம்பழத்தைச் சாப்பிட்டேன்.

அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அவள் வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய வாரம் அந்த மின்னஞ்சல் வந்தது. எழுதியவன் எங்கோ குளிர்தேசத்தில் இருக்கும் ஓர் இளம் ஆராய்ச்சியாளன். 'எனக்குத்தான் புரியவில்லை போலும்' என்று தொடங்கியிருந்தான். எங்கள் தொழிலில் அதற்கு, 'நீ தப்பு' என்று பொருள். நான்காம் பக்கத்தில் ஓர் இடத்தில் 'இது தெளிவு' என்று எழுதியிருந்தேன். அது ஏன் தெளிவு என்று கேட்டிருந்தான். கணிதக் கட்டுரையில் அந்தச் சொல் எங்கே வருகிறதோ அங்கே இருட்டு இருக்கும் என்று மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்பவள் நான். திரும்பத் திரும்பப் பார்த்தேன். தெளிவாக இல்லை. ஓட்டை இருந்தது.

வாழ்நாள் முழுக்க என் எழுத்தை ஒருவராவது படிக்க மாட்டாரா என்று ஏங்கினேன். படித்தான் ஒருவன்.

இதழாசிரியர் கெடு வைத்தார். அதற்குள் ஓட்டையை அடைக்காவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதாவது என் பெயரில் இருந்த ஒரே தேற்றம் இல்லை என்றாகிவிடும். சாம்பார் அடிப்பிடிக்கவில்லை, சமைத்தால்தானே. அம்மா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் வாக்கரோடு வந்து எதிரில் நின்றாள். சொல்லிவிட்டேன்.

"அவங்க எடுத்துகினாங்க இல்ல?"

"எடுத்துகினாங்க. ஆனா தப்பும்மா."

"மொட்டை போட்டாச்சு இல்ல?"

"ஆங்."

"அப்ப அது அந்த மலைக்காரன் பாடு. நீ சாப்புடு."

தர்க்கவியலில் ஒரு விதி உண்டு. 'இது நடந்தால் அது' என்ற வாக்கியத்தில் முதல் பாதி பொய்யானால், இரண்டாம் பாதி எப்படிப் போனாலும் முழு வாக்கியம் மெய்தான். ஆக, அம்மா மட்டும் 'சரியாக இருந்தால்' என்று வேண்டியிருந்தால், நான் தலையைக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவள் வாக்கு பிசகியிருக்காது. இதை வீட்டுக்காரரிடம் விளக்கினேன். அவர் என் தலையைத் தடவிப் பார்த்து, முள்ளு முள்ளாக வருகிறது என்றார்.

முடி காதைத் தொடுவதற்குள் பாதி ஓட்டையை அடைத்துவிட்டேன். வலையில் உள்ள வளையங்கள் எல்லாம் இரட்டைப்படைக் கோடுகளால் ஆனவை என்றால் தேற்றம் உண்மை. ஒற்றைப்படை வளையம் ஒன்று வந்தாலும் தெரியாது. திருத்தத்தை இதழ் ஏற்றது. நான் 'இவ்வகையில் எந்த வலைக்கும்' என்று எழுதிய இடத்தில், 'இரட்டைப்படை வளையங்கள் மட்டும் உள்ள வலைக்கு' என்று அச்சானது. அதைப் படித்தபோது நெஞ்சு எரிந்தது. முழுசாகப் போகாமல் நின்றதே என்று ஆறுதலும் இருந்தது, ஆனால் அது நெஞ்சு எரிவதை நிறுத்தவில்லை.

அம்மாவிடம், பாதிதான் தேறியது என்றேன். அவள் யோசித்தாள்.

"பாதிக்கு பூமுடி போதுமே. முழு மொட்டை வாங்கிகினான் இல்ல?"

"நீதானம்மா குடுக்கச் சொன்ன?"

"குடுத்தது நாம. வாங்கிகினது அவன். வா, போய் கேக்கலாம்."

கூட்டம் இல்லாத ஒரு நாளில் ஆட்டோ வைத்து மலைச்சாலையில் போனோம். வரிசையில் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். சன்னதி நெருங்கியதும் திரும்பி, "பாக்கி இன்னான்னு சரியா சொல்லு. மாத்தி கேட்டுட்டா மறுபடியும் தகராறு" என்றாள்.

என் தேற்றத்தின் கூற்றை யாரும் என்னிடம் அதுவரை கேட்டதில்லை. கல்லூரியில் கேட்டதில்லை, கட்டிக்கொண்டவர் கேட்டதில்லை. நான் அந்த வரிசையில் நின்று, அவள் காதருகே, புள்ளி, கோடு, வளையம், நிறம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு இடத்தில் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

பிறகு அவள் கை கூப்பி, தறிகளுக்கு மேல் பேசும் அந்தக் குரலில், முன்னும் பின்னும் நின்றவர்கள் திரும்பிப் பார்க்க, உள்ளே பார்த்துச் சொன்னாள்.

"இதோ பாரு நைனா. ஒத்தப்படை வளையம். அது பாக்கி கீது."