மூன்றாவது போத்தல்

அன்று கார் வழியில் நிற்காமல் ஓடியிருந்தால் அவர் இன்று இருந்திருப்பாரா?

இதை நான் ஆஸ்பத்திரியில் டாக்குத்தரிடமே கேட்டேன். "அப்பிடிச் சொல்லேலாது அம்மா" என்றார். இருந்திருப்பார் என்று சொல்லேலாதா, இருந்திருக்க மாட்டார் என்று சொல்லேலாதா? திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று சில நாள் நினைக்கிறேன். கேட்காததே நல்லது என்று சில நாள் நினைக்கிறேன்.

என் கணவருக்கு வவுனியாவில் வேலை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வந்து, திங்கள் விடியப் போய்விடுவார். அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. வாழைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவர், மண்வெட்டியை வைத்துவிட்டு வந்து குசினி வாசலில் இருந்தார். "நெஞ்சுக்குள்ளை வாய்வு மாதிரிக் கிடக்கு. இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி தாரும்" என்றார். நான் இஞ்சியைத் தட்டத் தொடங்கினேன். பிறகுதான் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். வியர்வை தாடையால் ஒழுகிக்கொண்டிருந்தது.

மாமா காரை எடுத்தார். மாமா என்பது அவருடைய தகப்பன். பண்டத்தரிப்பில் எங்களோடுதான் இருக்கிறார். வயது போனாலும் கை நடுக்கமில்லாமல் கார் ஓடுவார். இளவயதில் வாடகைக் கார் ஓடிப் பிழைத்த மனிதர். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் பின்சீற்றில் ஏறி அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அது டீசலில் ஓடுகிற, டேர்போ உள்ள கார். டேர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதுகிற ஒரு சின்னச் சுழலி என்றும், அது இருப்பதால்தான் இந்தச் சின்ன எஞ்சின் இப்படி இழுக்கிறது என்றும், வாங்கிய புதிதில் அவர் எனக்கு விளக்கியிருக்கிறார். மானிப்பாய் வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அங்கேயும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நிற்பாட்டச் சொல்லவா என்று நினைத்தேன். அவர் கண்ணைத் திறந்து "பெரியாஸ்பத்திரிக்கே போவம்" என்றார். போனோம். மானிப்பாய் தாண்டியதும் முன்னால் போன பஸ்ஸை முந்துவதற்காக மாமா மிதித்தார். கார் ஒருமுறை குலுங்கியது. பின்னால் கரும்புகை. இழுவை விட்டுப்போய், ரோட்டோரம் வந்து நின்றுவிட்டது.

மாமா திறப்பைத் திருப்பத் திருப்ப எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. "எழும்படி அம்மா, எழும்படி" என்று காரைக் கெஞ்சினார். நான் இறங்கிக் கையைக் காட்டி ஓர் ஓட்டோவை மறித்தேன். அவரை மாற்றி ஏற்றியதும் மாமா சொன்னார்: "நீ கொண்டு போ பிள்ளை. நான் இதை எழுப்பிக்கொண்டு பின்னாலை வாறன்."

கார் எழும்பவில்லை. மாமா பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் மாமா ஒரே கதையைத்தான் கதைத்தார். "பஸ்ஸை முந்தேக்கை நான் கியரைப் பிழையாப் போட்டனோ தெரியாது. கிளச்சைச் சட்டெண்டு விட்டனோ தெரியாது." வந்தவர்கள் "விதி அண்ணை" என்பார்கள். விதி என்ற சொல் அவருக்குக் காணாது. சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்தால் விரலால் அளைந்துவிட்டு எழும்பிவிடுவார். மகள் "அப்பப்பா சாப்பிடேல்லை, அவருக்கு இனிப்பு இல்லை" என்று தன்னுடைய சட்டத்தை அவருக்கும் போடுவாள். அதற்கும் சிரிக்கமாட்டார்.

ஆகவே, கார் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவள் நான்தான். காரணம் தெரிந்தால், ஓட்டியவர் மேல் பிழையில்லை என்று தெரிந்துவிடும்; தெரிந்தால் இந்த மனிதர் சாப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் காட்டிய கராச்சில் பொனற்றைத் திறந்த கையோடு, "டேர்போ போயிட்டுது, மாத்த வேணும்" என்றார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பாததும் பிழையோ என்று இரண்டு கிழமை யோசித்தேன். பிறகு காரை மானிப்பாயில் இன்னொருவரிடம் கட்டி இழுப்பித்துக் கொடுத்தேன். அன்று மாமாவும் மகளும் என்னோடு வந்தார்கள்.

"டேர்போ போனால் கார் ஒயில் குடிக்கும், விசிலும் அடிக்கும்" என்றார் அந்த மெக்கானிக் அண்ணை. "நிக்க முன்னம் விசில் மாதிரி ஏதும் கேட்டதோ தங்கச்சி?"

"தெரியாது அண்ணை."

"வடிவா யோசிச்சுப் பாருங்கோ."

யோசிக்க என்ன இருக்கிறது? அன்று நான் கேட்டுக்கொண்டு வந்தது எஞ்சின் சத்தத்தை அல்ல, ஒரு மனிதனுடைய மூச்சை.

அவர் டேர்போவுக்குப் போகிற தடித்த குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுச் சுழலியை ஆட்டிப் பார்த்தார். ஆட்டமில்லை, ஒயில் கசிவுமில்லை. கைக்கடக்கமான ஒரு கம்பியூட்டரை ஸ்டேரிங்குக்குக் கீழே கொழுவினார். எஞ்சினுக்குப் போகிற டீசலின் அமுக்கம் காணாது என்று அது சொன்னது. "அப்ப டேர்போ பாவம், அதிலை பழியைப் போட்டிட்டாங்கள்" என்றார். "இஞ்செக்டரைத்தான் பாக்கவேணும்."

இஞ்செக்டர்தான் டீசலைத் தூவானமாக எஞ்சினுக்குள் பீச்சுவது. இந்தக் காருக்கு நாலு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மிஞ்சுகிற கொஞ்ச டீசல் ஒரு மெல்லிய குழாயால் தாங்கிக்குத் திரும்பிப் போகும். அவர் அந்த நாலு குழாய்களையும் கழற்றி, கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்ரிக் குழாய்களைப் பொருத்தி, நாலு சின்னப் போத்தல்களுக்குள் விட்டார். எது தேய்ந்திருக்கிறதோ அது கூடுதலாகத் திருப்பி அனுப்பும். அந்தப் போத்தல் கெதியாய் நிறையும். அவ்வளவுதான் சோதனை. எஞ்சின் ஆறியிருந்ததால் கனநேரம் முக்கி முக்கி ஒருவாறு பிடித்தது.

போத்தல்கள் நிறையும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாமா வேம்புக்குக் கீழே மகளோடு நின்றபடியே கதை கொடுத்தார்.

"தம்பி, நான் சண்டைக்காலத்துப் பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெயிலை கார் ஓடின ஆள். காபரேற்றருக்குள்ளை ரெண்டு சொட்டுப் பெற்றோல், ஒரு உலுக்கு. எழும்பினாப் பிறகு மண்ணெண்ணெய்தான். எனக்குப் பின்னாலை சைக்கிளிலை வாறவன் வெள்ளைச் சேட்டோடை வெளிக்கிட்டு, கறுப்புச் சேட்டோடை வீட்டை போவான்."

"அப்ப லோண்டறிக்காரன் உங்களுக்குக் கொமிசன் தந்திருப்பானே ஐயா!"

"தருவான், தருவான். அவன்ரை மனுசிக்குப் பிள்ளை பிறக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டோனதும் அதே புகையோடைதான்."

மாமா சிரித்தார். என் கணவர் போன பிறகு மாமா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மகள் ஐஸ்பழம் கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

நான் போத்தல்களைப் பார்த்தேன். மூன்றில் அடியை மூடுகிற அளவுக்குத்தான் டீசல் வந்திருந்தது. இடதுபக்கத்திலிருந்து மூன்றாவது போத்தல் கழுத்துவரைக்கும் வந்துவிட்டது.

"இதுதான் கள்ளன்" என்றார் மெக்கானிக். "உள்ளுக்கை போகவேண்டியதெல்லாம் திரும்பி வருது. ஆறுதலா ஓடேக்கை தெரியாது. அமத்தி மிதிச்சால் அமுக்கம் விழும், கார் நிக்கும். சூட்டோடை திரும்ப எழும்பாது."

மிதித்தால் நிற்கும். சூட்டோடு எழும்பாது. அன்று நடந்ததை அவர் பார்த்ததுபோலச் சொன்னார்.

பிறகு எஞ்சினை நிற்பாட்டி, டீசல் பில்ரரைக் கழற்றி வெட்டினார். உள்ளே கடதாசி மடிப்புகளில் நுண்ணிய மினுங்கல் தூள் படிந்திருந்தது. அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனவர் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உதுக்குள்ளை ஆராவது மண்ணெண்ணெய் விட்டவையோ?"

எனக்கும் மணத்தது. மாமாவின் சேட்டில் எப்போதும் இருக்கிற மணம். விளக்குக்கு ஊற்றுகிறார் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் அண்ணை?"

"அந்தக் காலத்துப் பெற்றோல் கார் எதையும் குடிக்கும். இது அப்பிடி இல்லை. இதுக்கு டீசல்தான் எரிபொருளும், உள்ளுக்கை உரஞ்சாமல் வைக்கிற வழுவழுப்பும். மண்ணெண்ணெய் வறட்சி. டீசல் பம்பு உரஞ்சித் தேஞ்சு, தேஞ்ச தூள் போய் இஞ்செக்டரையும் திண்டிருக்கும்."

அவர் சொல்லி முடிக்கும்போது மாமா திரும்பி வந்துவிட்டார். குனிந்து போத்தல்களைப் பார்த்தார்.

"மூண்டாவது ஏன் தம்பி நிறைஞ்சு கிடக்கு?"

"இஞ்செக்டர் தேஞ்சு போச்சு ஐயா. அதுதான் கார் நிண்டது."

"அப்ப நான் ஓடினதிலை பிழையில்லையோ?"

"உங்கடை ஓட்டத்திலை ஒரு பிழையுமில்லை. அந்த இடத்திலை ஆர் ஓடியிருந்தாலும் நிண்டிருக்கும்."

மாமா அந்தப் போத்தலின் குழாய் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டு போனார். பிறகு அந்த மூன்றாவது இஞ்செக்டரைத் தொட்டுக்கொண்டு சொன்னார்: "நான் டீசல் அடிக்கிற நேரமெல்லாம் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினனான் தம்பி. அப்பிடி இருந்தும் தேஞ்சு போச்சே?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் மகளுடைய கையில் வடிந்த ஐஸ்பழத்தைத் துடைத்தேன்.

"நான் விடாட்டி முந்தியே நிண்டிருக்குமோ?" என்று மாமா திரும்பக் கேட்டார்.

"ஓம் ஐயா" என்றார் மெக்கானிக். "அப்பிடியும் இருக்கும்."

அன்று வீட்டுக்கு வந்து மாமா சோறு சாப்பிட்டார். முருங்கைக்காய்க் குழம்புக்கு இன்னொருமுறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மகள் கைதட்டினாள். நான் குசினிக்குள் போய், அடுப்பில் இல்லாத சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக நினைவு வந்தது. எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது மகள் கைக்குழந்தை. அவளுக்கு மூச்சு ஏறி முட்டு இழுக்கும். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரலாம் என்று நான் பயந்துகொண்டேயிருப்பேன். மாமா வெயிலில் வரிசையில் நின்று, கிடைக்கிற கொஞ்ச டீசலைக் கொண்டுவருவார். காணாததற்குத் தடைக்காலத்திலிருந்து அவர் வீட்டில் இல்லாமல் விடாத மண்ணெண்ணெயைக் கலப்பார். அந்தக் கார்தான் என் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. "அப்பா, இது உங்கடை பழைய கார் இல்லை, இதின்ரை வாயிலை கண்டதையும் ஊத்தாதேங்கோ" என்று அவர் பகிடியாய்ச் சொல்ல, "நீ வளந்ததே மண்ணெண்ணெய்ப் புகையிலைதான்ரா" என்று மாமா திருப்பிச் சொன்னதும் நினைவிருக்கிறது. தட்டுப்பாடு போய்விட்டது. மாமாவின் பழக்கம் போகவில்லை. குழாய்க்குள் இருக்கிற அழுக்கெல்லாம் கழுவுப்படும் என்பது அவருடைய நம்பிக்கை. எஞ்சின் கொஞ்சம் தட்டத் தொடங்கியபோது இன்னும் கொஞ்சம் கூட விட்டிருப்பார். மகனுடைய காரல்லவா.

மெக்கானிக்குக்குப் போன் எடுத்தேன். "மண்ணெண்ணெய்தான் எண்டு நிச்சயமோ அண்ணை?"

"முழுக்க அதுதான் எண்டு சத்தியம் செய்யமாட்டன் தங்கச்சி. இஞ்செக்டர் சும்மாவும் தேயும். ஆனா விட்டது நல்லதில்லை. இனி விடவும் கூடாது."

அந்த "இனி" என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

காருக்கு இஞ்செக்டர்கள் மாற்றித் தாங்கியையும் கழுவுகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிடும். மாமா கார்க் கொட்டிலைக் கூட்டி, மூலையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை, வாய்க்குக் கடதாசி அடைத்து, ஆயத்தமாக வைத்திருக்கிறார். "புது இஞ்செக்டர் பிள்ளை. இந்த முறை தேயவிடக்கூடாது. நான் கவனமாக் கழுவிக் கழுவி வைச்சிருப்பன்" என்று நேற்றும் சொன்னார். அந்தக் காரில்தான் என் மகள் போய்வரப் போகிறாள். இப்போதும் அவளுக்கு முட்டு இழுக்கிறது.

காரை விற்றுவிடலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன். "அவன் ஆசைப்பட்டு வாங்கினது" என்றார். டீசல் தாங்கியின் மூடிக்குப் பூட்டுப் போடலாம். ஏன் பூட்டு என்று கேட்பார். புதிய இஞ்செக்டருக்கு மண்ணெண்ணெய் கூடாதாம் என்று மெக்கானிக்கைக் கொண்டு சொல்விக்கலாம் என்றும் யோசித்தேன். ஆனால் மாமா எஞ்சினோடு சீவித்த மனிதர். அடுத்த நிமிடமே "அப்ப பழைய இஞ்செக்டருக்கு?" என்று கேட்பார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். எனக்குப் பொய் சொல்லி முகத்தை மறைக்கத் தெரியாது.

சொன்னால், என் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மண்ணெண்ணெய் ஊற்றிய அதே கைதான் தன் மகனை ரோட்டில் நிறுத்தியது என்று அவர் நினைத்துக்கொள்வார். அது உண்மையா என்று மெக்கானிக்காலும் சொல்ல முடியவில்லை, டாக்குத்தராலும் சொல்ல முடியவில்லை. நிச்சயமில்லாத ஒன்றை ஒரு தகப்பனுடைய தலையில் எப்படி வைப்பது? சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவர் மூடியைத் திறப்பார்.

இதை வாசிக்கிற உங்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். முக்கியமாக உங்களிடம்தான் கேட்கிறேன். மாமாவின் இடத்தில் இருந்தால் நீங்கள் இதை அறிய விரும்புவீர்களா? அல்லது அவருக்கு நோகாமல் அந்தப் போத்தலை அந்த மூலையிலிருந்து எடுக்க எனக்குத் தெரியாத ஒரு வழி உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன்னம் எழுதுங்கள்.