வராத மழைக்கு ஒரு போன்

மனைவி போன பிறகு வேங்கிக்கால் வீட்டில் நானும் டிவியும்தான். கீழ்பென்னாத்தூரில் பயிர் வைக்கும் என் தம்பிக்குப் போன் செய்ய என்னிடம் ஒரே ஒரு சாக்கு இருந்தது. மழை.

போனில் ரேடார் படம் பார்க்கும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகு தொற்றிக்கொண்டது. சென்னையிலிருந்து ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும். மழை கனமாக இருந்தால் படத்தில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். செங்கம் பக்கம் முளைத்த சிவப்பு ஒவ்வொரு புதுப் படத்திலும் கிழக்கே நகர்ந்தால், தம்பி ஊருக்கு எப்போது வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். களத்தில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, காயும் நாட்களில் என் போனுக்குத் தனி மரியாதை. "அரை மணி நேரத்துல வந்துடும்டா" என்பேன். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்பக் கூப்பிடுவான். பத்து நிமிஷமாவது பேச்சு ஓடும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக மேகத்தைக் கும்பிட்டிருக்கிறேன்.

ஆவணியில் ஒரு வாரம் படம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. நாலு நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பால்காரர்கூட கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஐந்தாம் நாள் மதியம் தம்பியைக் கூப்பிட்டு, "சிவப்பு வருதுடா, ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். வெட்கக்கேடு.

"ஐயோ, மல்லாட்டை!" என்று போனை வைத்துவிட்டுக் களத்துக்கு ஓடினான். மொத்தம் பத்து விநாடி. பொய் சொல்லவும் சாமர்த்தியம் வேண்டும்.

சாயங்காலம் கூப்பிட்டான். "எங்கண்ணா மழை?"

"ரேடார் ரொம்ப தூரத்துல இருக்குடா. மேல இருக்கறதைத்தான் பாக்கும். கீழ வர்றதுக்குள்ள காஞ்சிடும்."

அப்படி நடப்பதும் உண்டுதான். அன்று நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு மூன்றாம் நாள் நிஜமாகவே வந்தது. செங்கத்துக்கு மேலே கருஞ்சிவப்பாக ஒரு திட்டு, நேராக எங்களை நோக்கி. கூப்பிட்டேன்.

"இங்க வெயில் அடிக்குதுண்ணா. அன்னிக்கே ஒரு நாள் காயறது வீணாப் போச்சு. ரேடார் சொன்னா வந்துடுமா? நீதான சொன்ன."

அவனுடைய அந்தப் போகம் முழுவதும் களத்தில் கிடந்தது. என் வீட்டு ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

"ரேடார் பொய் சொல்லலடா. அன்னிக்குப் படத்துல ஒண்ணுமே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். பேச ஆள் இல்லடா."

தார்ப்பாயை எடுக்கச் சொல்லி அவன் தன் மனைவியிடம் கத்துவது கேட்டது. போனை நிறுத்த மறந்திருந்தான். அவர்கள் ஓடுவதையும், கடலையைக் குவிப்பதையும், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதையும் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். இங்கே கொட்டத் தொடங்கிய மழை கொஞ்ச நேரத்தில் அங்கேயும் தார்ப்பாயில் விழுந்தது.

மூச்சு வாங்க வந்து போனை எடுத்தான். "நனையலண்ணா" என்றான்.

அதற்கப்புறம் என்ன பேசுவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மழை விடும் வரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.