மேற்பார்வை லைன்

நாகல் நகர் மண்டித் தெருவில் செபாஸ்தியம்மாளுக்கு யாரையும் பிடிக்காது என்று சொல்வார்கள். அது தப்பு. ஒருவரைப் பிடிக்காமல் போவதற்குக்கூட அவர் மேல் கொஞ்சம் மதிப்பு வேண்டும். அவளுக்கு அந்தத் தெருவின் மேல் மதிப்பே கிடையாது.

ஐம்பத்தேழாம் வருஷம் அந்தத் தெருவின் வெங்காய வியாபாரிகள் கூடிச் சங்கம் வைத்தார்கள். சங்கத்துக்கு ஒரு மாடி, மாடியில் ஒரு டெலிபோன் போர்டு. தெருவிலுள்ள ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு கம்பி அந்தப் போர்டுக்கு வரும். போர்டிலிருந்து வெளியூருக்கு இரண்டு லைன் போகும். வெங்காயம் கப்பலேறும் தூத்துக்குடியிலிருந்து கொழும்பு விலை சொல்லக் கூப்பிட்டால், எந்தக் கடைக்கு வந்த அழைப்போ அந்தத் துளையில் ஒயரைச் சொருகிப் பேசக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். மதுரையில் ஒரு மில் ஆபீசில் அதே வேலையைப் பார்த்துவிட்டுத் தாயாருக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பியிருந்த செபாஸ்தியம்மாள் அதில் சேர்ந்தாள்.

முதல் நாளே பைபிளைக் கையில் கொடுத்து, காதில் விழும் எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். அவளும் செய்தாள். சத்தியம் வாங்கியவர்களில் ஒருவன்கூடத் தன் பங்குக்கு எந்தச் சத்தியமும் செய்யவில்லை என்பதை அன்றைக்கே கவனித்துக்கொண்டாள்.

போர்டில் உட்கார்ந்த ஒரு மாதத்திலேயே அவளுக்கு அந்த ஆட்கள் எல்லாரும் விளங்கிவிட்டார்கள். ரகசியம் என்றால் குரலைத் தாழ்த்திப் பேசுவது என்று நினைப்பவர்கள். பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு, கடைக்குள் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்துவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவார்கள். பேச்சு போகிற கம்பி ஜன்னல் வழியாகத் தெருவைத் தாண்டி ஒரு மாடிக்கு ஏறுகிறதே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. பெண் பார்க்க வந்த ஒருவன்கூட, காப்பித் தம்ளரைக் கீழே வைப்பதற்குள், "மண்டிக்காரங்க சங்கதியெல்லாம் உங்க காதுல விழுமாமே?" என்று வாயூறக் கேட்டான். "விழும். நீங்க கெளம்புங்க" என்று அவள் எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் பெண் பார்க்க வரவில்லை.

எல்லாரிலும் நாச்சிமுத்துதான் உச்சம். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். தெருவில் பெரிய மண்டி அவருடையது. தன் டெலிபோனுக்குத் தேக்கில் ஒரு பெட்டி செய்து, அதற்கு அந்த ஊரில் செய்யும் பூட்டுகளிலேயே கனமானதாக ஒன்று வாங்கிப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். போதாததற்கு ரகசியப் பாஷை வேறு. தூத்துக்குடியில் இருந்த அவருடைய மச்சினன், "மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றால் கொழும்பில் விலை ஏறுகிறது. "காய்ச்சல் எறங்கிருச்சு" என்றால் இறங்குகிறது. வருஷம் முழுக்க ஒரு மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி ஏறி இறங்கினால் யாருக்குத்தான் புரியாது? ஆனால் தன் பாஷையைத் தன்னைத் தவிர இந்த உலகத்தில் ஒருவரும் அறியார் என்று அவர் நம்பினார்.

சங்கத்துக்குச் செகரெட்டரி ராயப்பராஜ். பி.ஏ. படித்தவர். சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பைபிள் வாசகம் படிப்பார்; நல்ல கணீரென்ற குரல். அவர் ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, "தெரு ரகசியம் பூரா ஒரு பொம்பளப் பிள்ளை கையில இருக்கு. அது காது வெச்சுக் கேக்குதான்னு பாக்கறதுக்கு ஒரு ஏற்பாடு வேணாமா?" என்றார். வேணும் வேணும் என்று எல்லாரும் கையைத் தூக்கினார்கள். நாச்சிமுத்துவின் எதிர்க்கடைக்காரரான மலைச்சாமி இரண்டு கையையும் தூக்கினார். அப்படியாகப் போர்டிலிருந்து ஒரு தனிக் கம்பி பிரிந்து செகரெட்டரி மேஜைக்குப் போனது. அங்கே ரிசீவரை எடுத்தால் எந்தக் கடைப் பேச்சும் கேட்கும். அதற்கு மேற்பார்வை லைன் என்று பெயர் வைத்தார்கள்.  பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு செபாஸ்தியம்மாள் ஒயரைச் சொருகினாள்.

ஆறு மாதம் போயிருக்கும். நாச்சிமுத்து வாங்கப் போகும் முன்னால் மலைச்சாமி வாங்க ஆரம்பித்தார். நாச்சிமுத்து விற்க நினைத்த அன்று காலையிலேயே மலைச்சாமி விற்றுத் தீர்த்திருந்தார். ரெட்டியார்சத்திரத்து வண்டிகள் தெருமுனையில் நுழையும்போதே மலைச்சாமி ஆட்கள் மாட்டுக் கயிற்றைப் பிடித்துத் திருப்பினார்கள்.

செபாஸ்தியம்மாளுக்குக் காரணம் தெரியும். இரண்டு பேர் பேசும்போது மூன்றாவது ஆள் ரிசீவரை எடுத்தால் லைனில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பேச்சு சற்றே தேயும். நாச்சிமுத்துவின் தூத்துக்குடிப் பேச்சுக்கு மட்டும் தினமும் அந்த டக் கேட்டது. "சத்தமாப் பேசு மச்சா" என்று நாச்சிமுத்து கத்துவார். ரகசியத்தைச் சத்தமாகப் பேசச் சொல்கிற ஆளிடம் என்ன சொல்வது? சொன்னாலும் பி.ஏ. படித்த செகரெட்டரியையா சந்தேகப்படுவார்கள்? ஒயர் சொருகுகிறவளைத்தான் பிடிப்பார்கள். 

நாச்சிமுத்து திருடனைக் கண்டுபிடித்தார். அவர் கடையைக் கூட்டிப் பெருக்குகிற கருப்பம்மாள். விலை வரும் நேரத்தில் கடைக்குள் இருந்தவள் அவள் ஒருத்திதானாம். தெருவே பார்க்க அவள் விளக்குமாற்றைப் பிடுங்கி எறிந்து, "எதிர்க்கடைக்காரன் சோத்தைத் தின்னுட்டு எங்கடையைக் கூட்டுறியா?" என்று விரட்டினார்.

கருப்பம்மாளுக்கு இரண்டு காதும் கேட்காது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி விழும். அதை ஒருவர் சொன்னபோது நாச்சிமுத்து, "அதுதானுங்க தந்திரமே. கேக்காத மாதிரி நடிச்சிருக்கறா" என்றார்.

அன்று மத்தியானம் கருப்பம்மாள் மாடிக்கு ஏறி வந்தாள். நிலைப்படியில் உட்கார்ந்து, "என்னத்துக்குத் தாயி வையிறாரு? நான் என்ன செஞ்சேன்? நீ படிச்ச பிள்ள, செத்த கேட்டுச் சொல்லு" என்றாள். எதற்காகத் துரத்தினார்கள் என்பதே அவள் காதில் விழவில்லை. செபாஸ்தியம்மாள் அவள் காதருகே குனிந்து சொல்லிப் பார்த்தாள். டெலிபோன் பேச்சை ஒட்டுக்கேட்டதாக என்றதும், "அந்தப் பெட்டியா? அதுல பூட்டுல்ல தொங்குது" என்று கருப்பம்மாள் வாயைப் பிளந்தாள்.

இரக்கம் வந்தது என்று சொன்னால் செபாஸ்தியம்மாளுக்கே கோபம் வரும். அவளுக்கு வந்தது அருவருப்பு. திருடுகிறவனுக்கு மூளை கிடையாது, திருட்டுக் கொடுத்தவனுக்கு அதைவிடக் கிடையாது; நடுவில் ஒரு செவிட்டுக் கிழவி தலையில் பழி. சாயங்காலமே நாச்சிமுத்து மண்டிக்குப் போனாள்.

"முதலாளி, பூட்டு உங்க பெட்டியிலதான இருக்கு. கம்பியில இல்லையே. அது செகரெட்டரி மேசை வரைக்கும் போகுது."

நாச்சிமுத்து சிரித்தார். "ஏனுங்க அம்மிணி, அவரு கோயில்ல பைபிள் படிக்கிறவருங்க."

"படிக்கட்டும். நீங்க தூத்துக்குடிக்கு நேர்ல போயி உங்க மச்சினர்கிட்டச் சொல்லுங்க. வெல எறங்குற அன்னைக்கு, காய்ச்சல் கொதிக்குதுன்னு போன்ல சொல்லச் சொல்லுங்க. வேற ஒருத்தருக்கும் தெரிய வேணாம். மறுநா மலைச்சாமி என்ன செய்யிறாருன்னு பாருங்க."

அவர் நம்பவில்லை. ஆனால் மலைச்சாமி ஏமாறுவார் என்ற ஆசை அவரை ரயிலேற்றியது.

அப்புறம் ஒரு நாள் காய்ச்சல் கொதித்தது. "மாப்பிள்ளை பொழைக்கிறதே கஷ்டம்" என்று மச்சினன் தன் பங்குக்கு அழுதும் காட்டினான். லைனில் டக்கென்றது. மறுநாள் விடிந்ததும் மலைச்சாமி தெருவில் வந்த அத்தனை வெங்காயத்தையும் சொன்ன விலைக்கு வாங்கினார். நாச்சிமுத்து தன் கிடங்கில் கிடந்ததையும் மூன்றாம் ஆள் மூலம் அவர் தலையிலேயே கட்டினார். கொழும்புக்குச் சரக்கு போகவில்லை. மலைச்சாமி கிடங்கில் வெங்காயம் முளைவிட்டு, அழுகி, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

செபாஸ்தியம்மாள் காத்திருந்தாள். கூட்டம் கூடும், ராயப்பராஜின் கோட்டைக் கழற்றுவார்கள், கருப்பம்மாளைக் கூப்பிட்டு விளக்குமாற்றைக் கையில் கொடுப்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி மண்டிக்குப் போனாள்.

நாச்சிமுத்து கதவைச் சாத்திவிட்டு, பக்கம் பார்த்துவிட்டுக் குசுகுசுத்தார். "வாயைத் தொறந்துராதீங்க அம்மிணி. இது நல்ல வழியா இருக்குதுங்க. அந்தாளு கேட்டுக்கிட்டே இருக்கட்டும். நாம வேணுங்கறப்போ காய்ச்சலை ஏத்தி எறக்கலாம்."

"கருப்பம்மா?"

"அவளைத் திரும்ப எடுத்தா அவனுக்குச் சந்தேகம் வந்துருமுங்க. அவளே திருடியா இருந்துட்டுப் போகட்டும். நமக்கு அதுதான் நல்லது."

செபாஸ்தியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூட்டைக்குள் அழுகல் ஒன்று கிடந்தால் கை நுனியால் எடுத்துத் தூரப் போடுவார்களே, அப்படி ஒரு பார்வை. திரும்பி மாடி ஏறினாள்.

இரண்டு நாள் கழித்து, எதிர்க்கடையில் மலைச்சாமி போட்ட சத்தம் ஜன்னல் வழியாகவே மாடிக்குக் கேட்டது. செகரெட்டரியை இனிக் கடைவாசல் மிதிக்கக் கூடாது என்று கத்திக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் ராயப்பராஜ் தன் அறையிலிருந்து போர்டைக் கூப்பிட்டார்.

"செபாஸ்தி, மலைச்சாமி கடையைக் குடும்மா."

நேரில் போக முடியாததால் போனில் சமாதானம் பேசப் போகிறார். போர்டுக்காரி கேட்டுவிடுவாளே என்ற பயம் அவருக்கு இல்லை. அவள்தான் சத்தியம் செய்திருக்கிறாளே! ஊரார் பேச்சையெல்லாம் ஒட்டுக்கேட்கிற மனுஷன் ஒரு பெண்ணின் சத்தியத்தை அப்படி நம்பினான்.

அவள் மலைச்சாமி கடைக்கு ஒயரைச் சொருகினாள். பிறகு மிச்சமிருந்த ஒயர்களை எடுத்துக் கைக்கெட்டிய கடைகளுக்கெல்லாம் சொருகி, மணியடித்து, போர்டில் இருந்த பேச்சு சுவிட்சுகள் அத்தனையையும் ஒன்றாக முன்னால் தள்ளினாள். அப்படித் தள்ளினால் எல்லா லைனும் ஒரே லைன். தெரு முழுக்க ரிசீவரை எடுத்தது.

"அண்ணாச்சி, இந்த ஒரு தடவைதான் தப்பிப் போச்சு. நாச்சிமுத்து லைனத் தெனமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்..."

"போலே! அந்தச் செவிட்டுக் கெழவி மேல சந்தேகப்படுன்னு நாச்சிமுத்துக்கே யோசனை சொன்னவன் நீ. அம்புட்டு மூளை இருக்கிறவனுக்கு எது பொய்யி, எது மெய்யின்னு தெரியாதாலே?"

இதற்குள் மூன்றாவது குரல் ஒன்று பொறுக்கமாட்டாமல் நுழைந்தது. நாச்சிமுத்து. "நாங் குடுத்த பொய்யிதான்டா அது! இன்னும் எத்தனை வெச்சிருந்தேன், எல்லாத்தையும் கெடுத்துப் போட்டீங்களே!"

 பிறகு ஒவ்வொரு கடையாக ரிசீவரை வைத்தார்கள்.

மறுநாள் கூட்டம் கூடியது. முதல் தீர்மானம், போர்டுப் பெண் சத்தியத்தை மீறினாள், வேலையை விட்டு நீக்கப்படுகிறாள். எல்லாக் கையும் உயர்ந்தது. ராயப்பராஜ் உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டார். அவருக்கு மாலை போட்டு அனுப்பினார்கள். மேற்பார்வை லைனை என்ன செய்வது என்பதில்தான் சண்டை வந்தது. அறுத்துப் போடு என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ரிசீவர் இனி யார் கடையில் இருக்க வேண்டும் என்று பேச்சு முற்றி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். வாசலில் நின்று சம்பளத்துக்குக் காத்திருந்த செபாஸ்தியம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அந்தத் தெரு பார்த்தது அன்றைக்குத்தான்.

சங்கம் வெகுநாள் நிற்கவில்லை. லைனில் யாரும் மெய் பேசாததால் யாரும் லைனை நம்பவில்லை. பழையபடி தூத்துக்குடிக்கு பஸ்ஸில் ஆள் அனுப்பினார்கள். அந்த ஆட்களையும் மலைச்சாமி விலைக்கு வாங்கினார் என்று கேள்வி.

பழி நீங்கினாலும் கருப்பம்மாளிடம் ஒருவரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாச்சிமுத்து ஒரு நூல்சேலை கொடுத்தனுப்பினார். அதைத் திருப்பி அவர் மூஞ்சியில் எறியச் சொன்னாள் செபாஸ்தியம்மாள். கருப்பம்மாள் சேலையைத் தடவிப் பார்த்து, "சேல என்ன தாயி பாவம் பண்ணுச்சு?" என்று உடுத்திக்கொண்டு, பாலசமுத்திரத்தில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள்மேல் மட்டும் செபாஸ்தியம்மாளால் முகம் சுளிக்க முடியவில்லை.

செபாஸ்தியம்மாளுக்கு ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் அதே வேலை கிடைத்தது. அங்கே யாரும் சத்தியம் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. தாயார் போன பிறகு மில்லுக்குப் பக்கத்திலேயே வீடெடுத்துத் தனியாக இருந்தாள்.

அறுபத்தைந்து வாக்கில் ஒரு நாள் நாச்சிமுத்து கார் வைத்துக்கொண்டு வந்தார். இப்போது பஞ்சு வியாபாரத்திலும் இறங்கியிருந்தார். மில் முதலாளி யாரிடம் எப்போது பஞ்சு பேசுகிறார் என்று தெரிந்தால் போதுமாம்.

"ரொம்ப வேண்டாமுங்க அம்மிணி. காதுல விழறதை மட்டும். உங்களுக்கும் ஒரு வழி பண்ணிப் போடறேன்."

"முதலாளி, மண்டியில மூணு வருசம் நீங்க பேசுனது என் காதுல விழுந்துச்சு. அதையே நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உங்க வீட்டம்மாகிட்டருந்து ஆரம்பிக்கவா?"

நாச்சிமுத்து முகம் வெளுத்தது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் காருக்குப் போனார்.

அவர் எதை நினைத்து அப்படிப் பயந்தார் என்று செபாஸ்தியம்மாளுக்குத் தெரியாது. அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு நினைவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளும்படி அந்த மனுஷன் எதையும் பேசியதே கிடையாது.