பயிர் நன்றாக இருக்கிறது, அத்தான்

நான் பொய் எழுதக் கற்றுக்கொண்டது கல்யாணம் ஆன மூன்றாம் மாதத்தில். கற்றுக்கொடுத்த புண்ணியவதி என் மாமியார்.

ஆவணியில் கல்யாணம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவர் தாலி கட்டினார், நாற்றங்காலில் விதை தெளித்தார், நடவு முடிந்த மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். லீவில் பாதி எனக்கு, பாதி வயலுக்கு. வயலுக்குத்தான் கூடுதல் என்று இன்றைக்கும் சண்டை போடுவேன். ஆறு மா நிலம், மிராசுதாருடையது. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டார் குத்தகைக்கு உழுதது.

ஆட்சி மாறியிருந்த காலம். உழுகிறவன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துவிட்டால் மிராசுதார் அவனை வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. ஊர் முனையில் கலர் கலராகக் கொடிக்கம்பம் முளைத்தது. மேடையில் முழங்கியவர்கள் யாரும் எங்கள் தெருவுக்குள் கால் வைக்கவில்லை. வந்தது மிராசுதாரின் காரியஸ்தர்தான். ஐப்பசியில் ஒரு நாள் காலையில் வந்து மாமனாரிடம் ஒரு தாளை நீட்டினார்.

"தாலுகா ஆபீசு அது இதுன்னு போய் நிக்காதே. ஐயா மனசு நோகும். இதுல ஒரு ரேகை வையி. உன்னை யாரு எழுப்பப் போறா?"

மாமனார் வைத்தார். நிலத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தேன் என்று அதில் எழுதியிருந்ததாம். எட்டாவது வரை படித்த நான் பத்தடி தள்ளி அடுப்படியில் இருந்தேன். புது மருமகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால் கௌரவம் என்னாவது! ஒரே வாரத்தில், நட்ட பயிரோடு வயல் போயிற்று.

அன்றைக்கே இன்லண்ட் லெட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லையில் சண்டை மூளப்போகிறது என்று டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னத்த எழுதப் போறே?"

"வயல் போனதைத்தான் அத்தை."

"சண்டைக்குப் போற புள்ளைக்கு இதை எழுதுவியா? அவன் மனசு இங்க கிடந்தா அங்க என்ன ஆவும்? கழுத்துல தாலி நிக்கணும்னா நல்லதா நாலு எழுது."

தாலியை இழுத்துவிட்ட பிறகு எவள் வாயைத் திறப்பாள்? எழுதினேன். 'மாடு சினையாக இருக்கிறது. அடுத்த வீட்டுக் கிடா நம் அவரைக்கொடியை மேய்ந்துவிட்டது. மாமாவுக்கு இருமல் தேவலை. பயிர் நன்றாக இருக்கிறது, அத்தான்.' ஒட்டும் முன் மாமியாருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த வீட்டுச் சட்டம் அது.

பதில் வரும். என்னைப் பற்றி இரண்டு வரி, மிச்சம் வயலைப் பற்றி. தலைமடையில் வரப்பு சரிந்திருக்கும், மண் வை. பூச்சி விழுந்திருக்கிறதா, பார்த்து எழுது.

பார்த்துத்தான் எழுதினேன். கார்த்திகையில் களையெடுக்க ஆள் கூப்பிட்டபோது கூலிக்குப் போனேன், அதே வயலுக்கு. 'இன்று நம் வயலில் களை எடுத்தோம். தூர் நன்றாகக் கட்டியிருக்கிறது.' 'நம்' என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நிஜம். எழுதும்போது கையில் சேற்று வாடை போகாமல் இருந்தது. அழுகை வந்தது. இன்லண்டில் சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுதினேன்.

மாமியாருக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஒன்றை எழுதிவிட்டு வேறொன்றைப் படித்துக் காட்டியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு எப்போது வந்தது தெரியுமா? எல்லாம் முடிந்த பிறகு. நான் படித்த எட்டாவதைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

சண்டை முடிந்து, தை கடைசியில் அவர் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வராமல் தகரப் பெட்டியோடு நேரே வயலுக்குப் போயிருக்கிறார். உள்ளூரில் கூலித் தகராறு என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி, ரோட்டில் போலீஸைக் காவல் நிறுத்தி அறுத்துக்கொண்டிருந்தார். அது எங்கள் அறுவடை என்று நினைத்து, இவர் பெட்டியை வரப்பில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அரிவாள் கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்து கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பெட்டியைத் திறந்து என் கடிதக் கட்டை எடுத்துத் தரையில் வைத்தார்.

"சண்டைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஆபீசர் எங்களை வரிசையில நிக்க வச்சுக் கேட்டாரு. வீட்டுல நிலத் தகராறு இருந்தா இப்பவே சொல்லுங்க, கலெக்டருக்கு நானே எழுதறேன்னாரு. ரெண்டு பேரு சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் நிலம் நின்னுது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எம் பொண்டாட்டி ஒண்ணு விடாம எழுதுவா சார், எங்க வீட்டுல ஒரு குறையும் இல்லைன்னேன்."

மாமியார் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அத்தை சொல்லித்தான் எழுதினேன் என்று நானும் சொல்லவில்லை. கையெழுத்து என்னுடையதுதானே.

அவர் திரும்பிப் போன பிறகு பொய் கலக்காமல் எழுதினேன். மாடு செத்ததை எழுதினேன். மாமனார் கூலிக்குப் போவதை எழுதினேன். ஐப்பசியில் மகன் பிறந்தான். பத்தாம் நாள், உட்கார முடியாமல், படுத்தபடியே அதையும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒரு கார்டோடு வந்து வாசலில் தயங்கி நின்றார். வாங்கிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் கையெழுத்து.

'எனக்கு ஆண் குழந்தை பிறந்திருப்பதாக வீட்டிலிருந்து எழுதியிருக்கிறாள். உண்மைதானா என்று தாங்கள் நேரில் பார்த்து எழுதவும்.'