ஜெஸ்னா கழித்த இரண்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தவர்களிடம் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வலி எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. ஏழு வந்துவிட்டால் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட வேண்டும். இந்தத் திட்டத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் மூணாறு தேயிலைக்காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் கொழுந்து எடுப்பவர்கள். தராசு என்ன காட்டினாலும், இலை ஈரம், சாக்கு எடை என்று இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள் என்பது அவர்களுக்குப் பழகிப்போனது. அதனால் வலியையும் இரண்டு கூட்டியே சொல்வார்கள். குடல்வால் எடுத்த பெரியமுத்து, முறுக்கு தின்றுகொண்டே "பத்து, சிஸ்டர்" என்றார்.

ஜெஸ்னா தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்த நர்ஸ். "நம்ம சனத்தப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று எல்லோருக்கும் இரண்டு கழித்தே எழுதுவாள். அதிலும் நியாயம் இருந்தது. எல்லாப் பத்தையும் நம்பி ஊசி போட்டால் வார்டே மயங்கிக் கிடக்கும். நானும் நர்ஸ்தான், ஆனால் கோவிந்தாபுரத்துக்காரி, எனக்குத் தேயிலை தெரிந்ததெல்லாம் டம்ளரில்தான். வாயை மூடிக்கொண்டேன்.

போன மாதம் கொழுந்து எடுக்கும் செபமாலையம்மாளுக்கு வயிற்றைத் திறந்து பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாள் காலை ஜெஸ்னா கேட்டதற்கு, "ஆறு, தாயி" என்றார். இவள் நாலு என்று எழுதினாள். மாத்திரையோடு விட்டாயிற்று.

வயிறு அப்படி வலித்தால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இரும முடியாது. சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும். மதியத்துக்குள் காய்ச்சல் ஏறி, அந்த அம்மாளுக்கு மேல்மூச்சு வாங்கியது. டாக்டர் சார்ட்டைப் பார்த்து, நாலு வலிக்கு இரும என்ன கேடு என்று அந்த அம்மாளையே கடிந்துவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜெஸ்னா கட்டிலருகே குனிந்தாள். "பெரியம்மா, உள்ளதச் சொல்லுங்க. வலி எவ்வளவு?"

"எட்டு."

"பெறகு எதுக்கு ஆறுன்னீங்க?"

"நீ ரெண்டு கழிப்பேன்னு வார்டே பேசுது. அதான் நானே கழிச்சுச் சொன்னேன். தராசுக்காரங்கிட்டதான் தெனமும் சண்ட. நம்ம லயத்துப் புள்ளகிட்டயும் என்னத்துக்குச் சண்டன்னு விட்டேன்."

ஜெஸ்னாவின் முகம் செத்துப்போயிற்று. டாக்டருக்குப் போன் போட்டு, "எட்டு, சார். நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது.

ஊசி போட்டு அரை மணி நேரத்தில் செபமாலையம்மாள் எழுந்து உட்கார்ந்தார். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமிய இருமலில் பக்கத்து வார்டு எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

ஊசி போட்ட அன்றே டியூட்டி முடிந்ததும் ஜெஸ்னாவை மருந்து அறையில் பார்த்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க ஜெஸ்னா, அந்தம்மாதான் பொழச்சுட்டாங்களே?"

"எங்கம்மா இருபத்தெட்டு வருசமாக் கொழுந்து எடுக்கா. அந்தத் தராசுக்காரன வையாம ஒருநாளும் சோத்துல கை வச்சதில்ல" என்றாள். "இன்னிக்கு அவகூட உக்காந்து எப்பிடிச் சாப்பிடுவேன்?"