சித்தியின் சும்மாடு

சித்தி தலையில் மீன்கூடைக்கு அடியில் வைத்திருந்த சும்மாடு இப்போது எங்கள் வீட்டில் சோற்றுப் பானைக்கு அடியில் இருக்கிறது. பழைய நீலப் புடவையைக் கிழித்து முறுக்கிய வளையம்; எத்தனை முறை அலசியும் வாடை போகவில்லை.

காசிமேட்டில் மீன் எடுத்து வியாசர்பாடித் தெருக்களில் விற்றவர் சித்தி. காலையில் அவர் ஏறும் அரசுப் பேருந்து நிழற்குடையைத் தாண்டிப் பத்தடி தள்ளித்தான் நிற்கும். பின்வாசல் அங்கே கூடையோடு நிற்கும் மீன்காரப் பெண்களுக்கு நேராக வர வேண்டும் என்று ஓட்டுநர்கள் தாமாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது. எந்த விதியிலும் எழுதப்பட்டதன்று. கூடைகள் கடைசி இருக்கைக்குக் கீழே நுழைந்த பிறகே நடத்துநர் விசில் ஊதுவார்.

“இன்னாக்கா, தண்ணி ஒயுகினே கீது. பஸ்ஸுல கப்பல் வுடப் போறியா?” என்பார்.

“வுட்டா நீதான் நைனா கேப்டன். பேசாம விசில ஊது” என்பார் சித்தி.

பிறகு அந்த வழித்தடம் தனியார் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. குளிரூட்டிய பேருந்துகள் வந்தன. கதவுகள் தாமே மூடிக்கொண்டன. முதல் நாள் சித்தியும் வேறு இரு பெண்களும் பழைய இடத்திலேயே காத்திருந்தார்கள். பேருந்து நிழற்குடைக்கு நேராக நின்றது. அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் கிளம்பிவிட்டது.

மறுநாள் சித்தி நிழற்குடையிலேயே நின்றார். திருவொற்றியூரில் ஏறிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நான், அன்று அந்தப் பேருந்துக்குள் இருந்தேன். புதிய நடத்துநர், என் வயதுதான் இருக்கும், வாசலை மறித்தார்.

“மீன்கூடை ஏத்தக் கூடாதும்மா. யார்னா கம்ப்ளெயின்ட் குடுத்தா என் வேலை பூடும்.”

“முந்தாநாள் வரிக்கும் நாறாத மீனு இன்னிக்கு மட்டும் நாறுதா?”

யாரோ சிரித்தார்கள். சித்தியின் பார்வை உள்ளே துழாவி, என்மீது வந்து நின்றது. நான் எழுந்து பேசியிருந்தாலும் அந்த நடத்துநர் ஏற்றியிருக்க மாட்டார் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அன்று நான் புத்தகத்தில் குனிந்துகொண்டேன். கதவு மூடியது.

ஷேர் ஆட்டோக்காரர்கள் கூடைக்கும் ஓர் ஆள் கட்டணம் கேட்டார்கள். சித்தி சில வாரங்கள் கொடுத்துப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. இப்போது தன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு கொட்டகையில் நாள் முழுதும் நின்று இறால் உரிக்கிறார். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருக்கின்றன. அந்தக் காலையைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் கேட்டதில்லை. சும்மாட்டை என் கையில் கொடுத்த நாளில்கூட இவ்வளவுதான் சொன்னார்:

“பானைக்கு வெச்சிக்கோ. என் தலைல வெக்க இன்னா கீது இனிமே?”

இன்றும் அதே பேருந்தில்தான் கல்லூரிக்குப் போகிறேன். காசிமேட்டில் கதவு திறக்கும்போது எந்த வாடையும் உள்ளே வருவதில்லை. மாலையில் வீடு திரும்பிப் பானையை நகர்த்தும்போதுதான் வருகிறது.